எண்ணாமல் விட்ட மூச்சு

அந்தத் திரையில் மேலிருந்து கீழாக நான்கு எண்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. மேலே இருந்த மூன்றும் பெரிதாக, பளிச்சென்று. கடைசி எண் மட்டும் மஞ்சள் நிறத்தில், சின்னதாக, அடியில் ஒதுங்கிக் கிடந்தது: முப்பத்தாறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மாலையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி. செருப்பை வெளியே விட்டு, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே உள்ளே போயிருந்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, என்னோடு வேலை பார்க்கும் அக்காவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூக்கையும் வாயையும் இறுக்கிப் பிடித்திருந்த முகமூடிக்குள் காற்று சீறிக்கொண்டிருந்தது. அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அந்த மஞ்ச நம்பர் என்னங்க சிஸ்டர்?"

"அது மூச்சுங்க கண்ணு. நிமிசத்துக்கு எத்தன தடவ இழுக்கறாங்கன்னு காட்டும். சும்மா உக்காந்திருந்தா நமக்கெல்லாம் பன்னண்டுல இருந்து இருவதுக்குள்ள இருக்கோணும்."

"மெசின் இல்லாம எண்ண முடியுங்களா?"

"ஏன் முடியாது? நெஞ்சு ஏறி எறங்கறத ஒரு நிமிசம் பாத்துட்டு இருந்தாப் போச்சு. கையில கடியாரம் இருந்தாப் போதும்."

விநாடி அளக்கும் கடிகாரம் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிக்கு மேலே, கறுப்புக் கயிற்றில். அந்த இடத்தில்தான் அந்த எண்ணம் என்னைத் தாக்கியது. தாக்கியது என்றுதான் சொல்ல வேண்டும்; மெல்ல உதித்ததெல்லாம் இல்லை. போன வாரம் நான்கு நாட்கள், இதே கடிகாரத்தோடு, இதே அக்காவின் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். டைலர் துணியைக் கையில் எடுப்பதிலிருந்து தைத்து முடித்து அடுத்த ஆளுக்குத் தள்ளுவதுவரை எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பதுதான் வேலை. அளந்து, போனில் வீடியோ எடுத்து, எந்தக் கை எங்கே வீணாகப் போகிறது என்று கண்டுபிடித்து, நாளைக்கு எத்தனை பீஸ் வரும் என்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலைமேல் பைத்தியம். அவிநாசியிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழிக்க எத்தனை விநாடி எடுக்கிறார் என்றுகூட அளந்திருக்கிறேன். ஆனால் எதிரில் கடிகாரத்தோடு உட்காரும் பெண்ணை எந்த டைலருக்குப் பிடிக்கும்? நான் வந்தாலே தையல் லைன் ஊமையாகிவிடும். ஊமையாகாத ஒரே ஆள் அக்கா.

அக்கா ஓவர்லாக் டைலர். டி-சர்ட்டின் இரண்டு பக்கத்தையும் மூட்டுவது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர்; முதலில் நூல் மில்லில் இருந்துவிட்டு, பிறகு இங்கே. அவர் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிலேயே அயர்ன் மாஸ்டர். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அக்கா ஆரம்பித்துவிடுவார். "வந்துட்டா பாரு கடிகாரம். வேகமாத் தச்சா டார்கெட்ட கூட்டுவா, மெதுவாத் தச்சா பேர எழுதுவா. இவட்ட எப்படித்தான் தைக்கது?" லைன் முழுக்கச் சிரிக்கும். "ஒங்க அம்மை உனக்குச் சோறு ஊட்டும்போதும் டைம் பாத்தியாட்டி?" என்பார். நான் சிரித்தால் விநாடி தவறிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அவஸ்தையைப் பார்த்து இன்னும் சிரிப்பார்கள்.

அந்த வாரம் ஷிப்மென்ட் நெருக்கடி. அக்காவுக்கு முந்தின வாரத்திலிருந்தே இருமல். எங்கள் ஊரில் இருமலுக்கு யாரும் பயப்படுவதில்லை. பஞ்சுத் தூசிக்குள்ளேயே இருக்கிறோம், இருமாமல் என்ன செய்வோம்? எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் இதற்கென்றே மேசையில் ஒரு டப்பா நிறைய அச்சு வெல்லம் வைத்திருப்பார். மில்லில் வேலை பார்த்தவர்களின் பழக்கம் அது. வெல்லத்தைச் சப்பினால் தொண்டையில் ஒட்டின பஞ்சு இறங்கிவிடும் என்பார்கள். "ஏனுங்க அக்கா, பஞ்சு ஏறிப் போச்சுங்களா? இந்தாங்க, ரெண்டாப் போட்டுக்கங்க" என்று அவர் டப்பாவை நீட்டினார். நாலு மணி டீயின்போது நானும் ஒரு வெல்லத்தை எடுத்துப் போய் அக்காவின் கையில் வைத்தேன். அந்தக் கையோடு என் கை பட்டபோது சுட்டது. மிஷின் சூடு என்று நினைத்தேன். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, ஓவர்லாக் மிஷின் எந்தக் காலத்தில் அப்படிச் சுட்டது?

முதல் நாள் ஒரு பக்கம் மூட்ட இருபத்திரண்டு விநாடி. இரண்டாம் நாள் இருபத்தைந்து. மூன்றாம் நாள் பேச்சு குறைந்துவிட்டது. ஒவ்வொரு பீஸுக்கும் நடுவில் கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தார். "என்னக்கா?" என்றேன். "இருமலுக்கும் டைம் குறிச்சுக்கோ பிள்ள. அதையும் டார்கெட்ல சேத்துரலாம்" என்றார். பாதியில் மூச்சு வாங்கி, நிறுத்தி, மிச்சத்தைச் சொன்னார். நான் சிரித்தேன். நான்காம் நாள் முப்பது விநாடி. தாளின் குறிப்புப் பகுதியில் 'ஸ்லோ' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டு, சூப்பர்வைசருக்கும் ஆபீஸுக்கும் அனுப்பிவைத்தேன். என் கணக்கு சரியாக இருந்தது. ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. அதுதான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் அக்கா வரவில்லை. மெடிக்கலில் வாங்கின மாத்திரை நான்கு நாளாக உள்ளே போயும் காய்ச்சல் நிற்காமல், அன்று காலை குளிக்கப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாராம். நிமோனியா என்றார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதை அயர்ன் மாஸ்டர் யாரைப் பார்த்தாலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் முன்னாடி என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னிடம் தாள் இருந்தது.

நான் மஞ்சள் எண்ணைப் பார்த்த மறுநாள் முகமூடி போதாமல் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்தார்கள். அதன்பிறகு அக்கா மூச்சுவிடவில்லை, மெஷின் விட்டது. மயக்க மருந்தில் கிடந்தவரின் வாயை சிஸ்டர் வேளாவேளைக்குத் துடைத்துச் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குச் செய்வதுபோல, பேசிக்கொண்டே செய்வார். "இதைச் சுத்தமா வெக்கலைன்னா இங்கிருந்தே புதுசாச் சளி கட்டிக்குமுங்க கண்ணு. வந்த நோவு ஒண்ணு, இங்க வந்து ஒட்டற நோவு ஒண்ணு. ரெண்டாவதுதான் எங்களுக்குப் பயம்." குழாய் போட்ட ஆறாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தார். குழாய் இருந்ததால் பேச முடியாது. என்னைப் பார்த்ததும் விரலை மெல்லத் தூக்கித் தன் இடது மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார். நேரமாச்சு, போ என்கிறாரா, இங்கேயும் வந்துட்டியா கடிகாரம் என்கிறாரா? கேலிதான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே ஓடிவந்து அயர்ன் மாஸ்டரிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து முழு தோசையைச் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் மறுபடி காய்ச்சல். சிஸ்டர் பயந்த இரண்டாவது நோவு வந்துவிட்டது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் குழாய் இருக்கும்வரை அந்த ஆபத்தும் கூடவே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரத்த அழுத்தம் இறங்கியது, சிறுநீரகம் நின்றது. பதினோராம் நாள் மத்தியானம், லைனில் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரத்தில், போன் வந்தது. சூப்பர்வைசர் அண்ணன் எழுந்துபோய் அக்காவின் மிஷின் சுவிட்சை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த நான்காம் நாள் வீடியோவைத் திறந்தேன். கைகளைப் பார்க்க எடுத்த வீடியோ. ஆனால் தோளும் தெரிகிறது. பீஸுக்கு நடுவே கையை ஊன்றிக் குனியும் ஒவ்வொரு இடமாக நிறுத்தி, தோள் ஏறி இறங்குவதை எண்ணினேன். எண்ணி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்துமூன்று. வீடியோவின் கடைசியில் என் குரல் கேட்கிறது: "அக்கா, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா."

இருமுகிறவர்களுக்கெல்லாம் லைனில் ஒரு நிமிடம் மூச்சை எண்ணினால் என்ன? இதற்குத் தனியாக என்ன வேண்டும்? உட்காரும் ஸ்டூல் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, எண்ணத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். சூப்பர்வைசர் அண்ணனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏனுங் பாப்பா, நாம என்ன டாக்டருங்களா? நாலு பேர ஊட்டுக்கு அனுப்பிட்டா லைன் என்னங்க ஆவறது? அதுமில்லாம, அனுப்பிருவாங்கன்னு தெரிஞ்சா ஒருத்தியும் இருமமாட்டா. அடக்கிக்குவா." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. டப்பாவை இன்னும் மேசையில்தான் வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் யாருக்கும் நீட்டுவதில்லை.

பிறகு அயர்ன் மாஸ்டரிடம் போனேன். அவர் வேலைக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. போகும்போதே தாளையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆவி பறக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: இருபத்திரண்டு, இருபத்தைந்து, முப்பது, 'ஸ்லோ', முப்பத்திரண்டு. வீடியோவைக் காட்டட்டுமா என்று கேட்டபோது வேண்டாமென்று தலையாட்டினார். ஒரு டி-சர்ட்டை அயர்ன் பண்ணி, மடித்து, ஓரமாக வைத்தார். என் திட்டத்தைச் சொன்னேன்.

"எண்ணிட்டு, அத மொதல்ல யார்ட்டம்மா சொல்லுவிய?" என்று கேட்டார்.

"சூப்பர்வைசர்கிட்ட. அப்புறம் ஆபீஸ்ல…"

"அன்னைக்கும் அப்படித்தான செஞ்சிய. அவ மெதுவாயிட்டான்னு அவளத் தவிர எல்லாத்துக்கும் தெரிஞ்சிருந்துச்சு." குரலை உயர்த்தவில்லை. அடுத்த பீஸை எடுத்து விரித்தார். "நான் ஆஸ்பத்திரிக்கு வா வான்னு ரெண்டு நாளாக் கூப்பிட்டேன். ஷிப்மென்ட் போவட்டும்னுட்டா. ஒங்க நம்பர்னா கேட்டிருப்பாம்மா. அந்தக் கடிகாரம் பொய் சொல்லாதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா."

நான் அழுதேன். அவர் அழவில்லை, அயர்ன் பாக்ஸைத் தூக்கி நிறுத்தி வைத்துவிட்டு, துடைத்துக்கொள்ளட்டும் என்று வெட்டுத்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழமை ஆரம்பிங்க. மொதல்ல எனக்கு எண்ணுங்க. ஆம்பள ஒருத்தன் உக்காந்துட்டாம்னா பொம்பளையளும் வெக்கப்படாம வந்து உக்காருவாவ" என்றார்.

ஆகவே திங்கட்கிழமை. காலை மணி அடிப்பதற்கு முன்னால், அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்று சிஸ்டர் எச்சரித்திருக்கிறார். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். தாள் கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. முடித்ததும் எண்ணை அந்த ஆளிடமே சொல்லுவேன். கூடுதலாக இருந்தால், அது என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெல்லம் போதாது என்று மட்டும் சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேன் டிரைவரிடம் பேசிவைத்திருக்கிறேன். ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேராவது வருவார்கள். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம் என்று சூப்பர்வைசர் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவருக்குக் கடைசியாகத்தான் தெரிய வேண்டும்.