ஏழரை கேவிஏ போட்ட தப்புக் கணக்கு

1. படாளத்திலிருந்து வந்த போன்

போன் வந்தபோது நான் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி, மே மாதம். செங்கல்பட்டில் டீசல் ஜெனரேட்டர் விற்கும் கடையில் எனக்கு வேலை. எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்திருந்தேன். ஆனாலும் இரண்டு வருடம் கொட்டேஷன் டைப் அடிக்கத்தான் விட்டார்கள். இன்ஜினியர் வேலையை விட்டுப் போனதும், வேறு ஆள் கிடைக்காததால், கஸ்டமரைப் பார்த்து மெஷின் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. அப்படி நான் தனியாகப் போட்ட முதல் கொட்டேஷன் படாளம் மேரி அக்காவுக்கு.

போனில் மேரி அக்காதான். "இன்னாம்மா மெஷின் குடுத்துக்கீற? மோட்டாரு சுவிட்ச போட்டா மூச்ச வுட்டுடுது. கோழிங்கோ வாயத் தொறந்துகினு கெடக்குதுங்க. நீ வர்றியா, இல்ல நான் அங்க வரட்டா?"

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

மேரி அக்காவின் கணவர் ஆரோக்கியம் கல்பாக்கத்தில் வெல்டர். விடிவதற்குள் ஸ்டாஃப் பஸ் ஏறிவிடுவார். இரண்டு பேருடைய அப்பா அம்மாவும் படாளத்தில் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கியது இரண்டு ஏக்கர். ஒரு ஓரத்தில் வீடு, நடுவில் நெல், மறு ஓரத்தில் ஆயிரம் பிராய்லர் கோழி வளர்க்கும் ஷெட். ஷெட்டைக் கட்டியதும் நடத்தியதும் மேரி அக்கா.

நான் போட்ட கணக்கு இதுதான். கிணற்று மோட்டார் ஐந்து ஹெச்பி, அதாவது மூன்றே முக்கால் கிலோவாட். ஷெட் ஃபேன், பல்பு எல்லாம் ஒன்றரை. வீட்டுக்கு முக்கால். கூட்டினால் ஆறு. பவர் ஃபேக்டர் 0.8-ஆல் வகுத்தால், ஜெனரேட்டருக்கு வேண்டிய திறன் ஏழரை கேவிஏ. காகிதத்தில் அவ்வளவு அழகாக வந்தது. மெஷினை இறக்கிய அன்று ஃபேனையும் லைட்டையும் ஓட்டிக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்ததால் மோட்டாரைப் போட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் சரி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஊர் டிரான்ஸ்பார்மர் பழுதாகிக் கரண்ட் போய்விட்டது. உச்சி வெயிலில் ஷெட் கூரைமேல் தண்ணீர் தெளித்தால்தான் கோழி தாங்கும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். சுவிட்சைப் போட்டதும் இன்ஜின் முக்கி, பல்பு மங்கி, மெஷின் நின்றுவிட்டது. கூடவே ஃபேனும் நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி மோட்டார், மறுபடி நின்றது. இப்படியே ஒரு மணி நேரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷெட் வாசலில் செத்த கோழிகளைக் குவித்திருந்தார்கள். "அக்கா, மோட்டாரத் தொடவே வேணாம். ஃபேன மட்டும் ஓட்டுங்க. தண்ணி நாம தூக்கிடலாம்" என்றேன். பக்கத்து அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கினோம். ஏணியில் மேரி அக்கா, கீழே நான். கோணிகளை நனைத்து ஷெட்டைச் சுற்றித் தொங்கவிட்டோம். சாயங்காலம் கரண்ட் வந்தபோது அறுபத்திரண்டு கோழி போயிருந்தது. மற்றவை பிழைத்தன.

ஆரோக்கியம் அண்ணன் வேலை முடிந்து வந்து குவியலைப் பார்த்தார். மேரி அக்காதான் பேசினார். "கோழி போனாக்கூட போவட்டும். கூலிக்காரன் வூட்டுக்கு ஜெனரேட்டர் ஒரு கேடான்னு ஊர்ல ஏற்கெனவே பேசிக்கினு கீறானுங்க. இத்த எடுத்துகினு போயிட்டா அவனுங்க சொன்னதுதான் சரின்னு ஆவும். எனக்கு மெஷின் ஓடணும். அவ்ளோதான்."

"ஓட வெக்கறேன்க்கா" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

2. இருபதைத் தள்ளு

மறுநாள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஒரு நிமிடம்கூட யோசனை இல்லை. "வசந்தா, இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற? இருபது கேவிஏ ஒண்ணு ஷோரூம்ல தூங்கிகினு கீது. அத்த தள்ளு. மோட்டாரு என்ன, மில்லே ஓடும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடி, ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். நான் கணக்கில் விட்டது அதைத்தான். இருபது கேவிஏ அதைத் தாங்கும். ஆனால் அதே இருபது கேவிஏ ஒன்றைச் சில மாதம் முன்பு சர்வீஸுக்காகக் கடப்பாக்கத்தில் பார்த்திருந்தேன். இறால் பண்ணைக்கு வாங்கியது. பண்ணையை மூடிய பிறகு நான்கு ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சைலன்சர் வாயில் தார் மாதிரி கறுப்பு எண்ணெய் வடிந்தது. லோடு இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜின் சூடேறாது. டீசல் முழுதாக எரியாமல் உள்ளே கரியாகப் படியும். மேரி அக்கா வீட்டில் மோட்டார் ஓடுவது சில மணி நேரம்தான். மிச்ச நேரம் ஃபேனும் லைட்டும். அங்கே இருபதை வைத்தால் ஒரு வருடத்தில் இன்னொரு கடப்பாக்கம்.

சின்னது தப்பு என்றால் பெரியதும் தப்புதான். இனி காகிதத்தை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். சர்வீஸ் மெக்கானிக்கிடம் கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி படாளம் போனேன். கம்பியைச் சுற்றிப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் அது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோட்டார், ஒவ்வொரு ஃபேன், வீட்டு மிக்ஸி, ஃப்ரிட்ஜ் என்று ஒன்றுவிடாமல் அளந்தேன். எது எதோடு சேர்ந்து ஓடுகிறது என்றும் எழுதினேன்.

விடை மோட்டார் பெட்டியிலேயே இருந்தது. சுவிட்சைப் போட்டால் முழு வேகத்தில் கிளம்பும் சாதாரண ஸ்டார்ட்டர்தான் மாட்டியிருந்தார்கள். மோட்டாரில் ஆறு முனை இருந்ததால் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாட்டலாம். அது மோட்டாரை மெதுவாகக் கிளப்பி, வேகம் பிடித்ததும் முழு கரண்டைக் கொடுக்கும். கிளம்பும்போது இழுப்பது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எல்லாம் ஓடும்போதே ஏழரை நிரம்பிவிடுவதால் பழைய மெஷின் அப்போதும் திணறும்; ஆனால் ஸ்டார்ட்டரை மாற்றி, மோட்டாரை முதலிலும் மற்றதைப் பிறகும் போட்டால் பத்து கேவிஏ போதும்.

முதலாளி கொட்டேஷனைப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டார். "இருபதுன்னு மாத்தி அடி."

"மாட்டேன் சார்."

"அப்ப வேலைய வுட்டுட்டு போறியா?"

"போகவும் மாட்டேன். அளந்து பார்த்துட்டுதான் எழுதியிருக்கேன். என் தப்பால அங்க கோழி செத்துது. ரெண்டாவது தடவையும் தப்பானத குடுத்துட்டு அந்த வீட்டு வாசல்ல போய் நிக்க என்னால முடியாது."

அவர் கொட்டேஷனை மறுபடி கையில் எடுத்தார். "இதுவும் நின்னுச்சுன்னா உன்ன சும்மா வுட மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

3. மெயினை இறக்குங்கள்

பத்து கேவிஏ வந்து இறங்கிய அன்று வேண்டுமென்றே பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டேன். தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். லீவு போட்டிருந்த ஆரோக்கியம் அண்ணனிடம், "மெயின இறக்குங்கண்ணா" என்றேன்.

"கரண்டு கீதே மேடம், எதுக்கு?"

"இல்லாத அன்னிக்கு ஓடுமான்னு இன்னிக்கே தெரியணும்."

வேலியோரம் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். இன்ஜினைக் கிளப்பி ஐந்து நிமிடம் சூடேற விட்டேன். லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி மோட்டாரைப் போட்டேன். இன்ஜின் சத்தம் ஒரு கணம் அமுங்கியது. ஸ்டார்ட்டர் டக்கென்று முழு கரண்ட் கொடுக்கும் டெல்டாவுக்கு மாறியது. சத்தம் மறுபடி எழுந்து சீரானது. கிணற்றுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. ஷெட் ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசியில் வீடு. ஒரு மணி நேரம் முழு லோடில் ஓடியது. மீட்டரில் நான் எழுதிவைத்த அளவுக்கு மேல் போகவில்லை.

நான் பெட்டியை மூடப் போனபோது மேரி அக்கா தடுத்தார். "நில்லும்மா. நீ போட்டா ஓடுது சரி. நாளைக்கு நான் ஒண்டியா கீறப்ப?" எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவரே முதலிலிருந்து தொடங்கினார். ஒருமுறை வரிசை மாறி ஃபேனை முதலில் போட்டார். அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். அடுத்து மூன்று முறை தப்பில்லாமல் ஓட்டினார். ஷெட் சுவரில் கரித்துண்டால் 'மோட்டார், ஃபேன், வூடு' என்று பெரிதாக எழுதினார். வேலியோரம் நின்றவர்களில் ஒருவர் உள்ளே வந்து, "எங்க கரும்புக் கொல்லைக்கு எத்தினி கேவிஏ போடலாம்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொன்னது நான் இல்லை. "மொதல்ல அளக்கணும் நைனா" என்றார் மேரி அக்கா.

அந்தக் கோடையில் இன்னும் பலமுறை கரண்ட் போனது. அவர் ஷெட்டிலிருந்து கடைக்கு ஒரு போனும் வரவில்லை.

அதன்பிறகு கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை நூற்றுக்கணக்கான வீட்டுக்கும் கொல்லைக்கும் மெஷின் கொடுத்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கஸ்டமரிடம் எத்தனை கேவிஏ வேண்டும் என்று கேட்காதீர்கள். அது அவருக்குத் தெரியாது. கரண்ட் போனால் உங்கள் இடத்தில் எது நிற்கவே கூடாது என்று கேளுங்கள். அதை அவர் சரியாகச் சொல்வார். பிறகு போய் அளந்து பாருங்கள். மெயினை இறக்கி, அவர் கையாலேயே ஓட்டிப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.