விரத வீட்டில் நெத்திலிச் சம்பல்

இனிமேல் வைத்தியம் இல்லை என்று அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். “அங்க போயி என்னா பண்ணுவீங்க, மிஸ்ஸி? டாக்டரே கைய விரிச்சிட்டாரே” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகப்போகிற மனுஷனுக்கு வலி இல்லையா, நாக்கு இல்லையா, கோபம்தான் வராதா?

லாபு ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், ஈரலில் புற்றுநோய். டாக்டர் வலிக்குக் கொடுத்த மார்ஃபினைக் குடித்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று அவருடைய அண்ணன் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். சண்டை போட்டு எடுத்து, வேளாவேளைக்குக் கொடுக்க வைத்தேன். வலி அடங்கியதும் அவர் வாய்விட்டுக் கேட்டது, மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பல்.

அங்கேதான் வந்தது வினை. அவர் பிழைக்க வேண்டும் என்று மனைவி அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். திருவிழா முடியும்வரை வீட்டுக்குள் கவுச்சி நுழையக் கூடாது.

“விரதத்தக் கெடுத்தா அவன் உசுருக்கு யாரு பொறுப்பு? நீயா?” என்று அண்ணன் எகிறினார்.

“விரதம் இருந்தாலும் அவரு பொழைக்க மாட்டாருங்கய்யா. இதச் சொல்ல இங்க யாருக்கும் வாய் வரல. அவருக்கே தெரியும்லா.”

மனைவி என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். அவருடைய நம்பிக்கையைப் பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாளில் அந்த மனுஷனால் விழுங்கவே முடியாது. பிறகு யார் விரதத்தை முடித்து என்ன?

“அக்கா, பாவம் எதுவா இருந்தாலும் என் தலையில போடுங்க. நான் ஆக்கிக் கொண்டாரேன்.”

“நீங்க எதுக்கு மிஸ்ஸி ஆக்கணும்?” விருட்டென்று எழுந்தார். “என் புருஷனுக்கு நான் ஆக்கமாட்டேனா?”

அண்ணன் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“தள்ளுங்க மாமா. அம்மன் கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன். அவளும் பொம்பளதானே!” என்று அவரை ஒதுக்கிவிட்டு மனைவி உள்ளே போனார்.

மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். தலையணையை முட்டுக் கொடுத்து அவரை உட்கார வைத்தேன். மனைவி சம்பலை விரலில் தொட்டு அவர் நாக்கில் வைத்தார். மனுஷன் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

“உப்பு பத்தல.”

“படுத்த படுக்கையா கெடந்தும் வாய் குறையுதா பாரு இந்த ஆளுக்கு!” என்று மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவரை அந்த வீட்டில் யாரும் திட்டியதே இல்லையாம். அவர் சிரித்தார். திட்டு வாங்கிக்கொண்டே இன்னொரு வாய் கேட்டார்.