அடியில் ஒட்டிய ஊர்

சாமை விதை கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில், ஜவ்வாது மலை உழவர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. ஒரு பெயரைக் கேட்டால் கணினி முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். திரையில் வட்டம் சுற்றும். வாசலில் ஆட்கள் நிற்பார்கள்.

"இன்னாக்கா, இன்னும் சுத்துதா? நான் ஆலங்காயம் போய் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்பாள் பக்கத்து மேசைக்காரி. தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேசாத எனக்கு அலுவலகத்தில் ஒரே சிநேகிதி.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். ஆனால் அகராதியில் சொல் தேடத் தெரியும். அதுபோலவே ஊரையும் பெயரையும் சேர்த்து, கோப்பை அகர வரிசையில் அடுக்கினேன். கணினி நடுவில் பார்க்கும். தேடுவது முன்னாலா பின்னாலா என்று தெரிந்ததும் வேண்டாத பாதியை விட்டுவிடும். மிச்சத்திலும் அப்படியே. வீடியோ பார்த்து அதற்கான சூத்திரத்தைப் போட்டேன். வட்டம் சுற்றுவது நின்றது.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணோம் சார்" என்று சிநேகிதி அதிகாரியிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருந்தேன்: புதுப் பெயர் சேர்த்தால் திரும்ப அடுக்க வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, திருத்தத்துக்காகக் கோப்பிலிருந்து எடுத்து அனுப்பியிருந்த என் பிறந்த ஊர்ப் பெயர்கள் திரும்பி வந்தன. அவள் அடியில் ஒட்டிவிட்டாள். வரிசையை நம்பித் தேடும் கணினி அங்கே போகவே இல்லை. மழை பெய்ததும் விதைக்கு வந்த என் ஊர்க்காரர்களிடம் 'இல்லை' என்றது.

நான் வேலைக்குத் திரும்பியபோது என் சித்தி வாசலில் நின்றாள்.

"பொறந்த வூட்டையே அடிச்சுட்டியாடி? நீ போட்டு வச்சதுதான் இல்லன்னு சொல்லுதாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

உள்ளே அதிகாரி, "யார் பண்ணது இது?" என்று கேட்டார். அவள் திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அக்கா போட்டதுதான் சார். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

உட்கார்ந்து கோப்பைத் திரும்ப அடுக்கினேன். ஊர் தன் இடத்துக்குப் போனது. அன்றே விதை கொடுத்தோம். அதற்குள் நிலத்து ஈரம் போயிருந்தது.

மதியம் அவள் மெதுவாக, "லேட்டா வந்தவங்க கடைசியிலதானேக்கா நிப்பாங்க? ரேஷன் கடையில அப்படித்தானே?" என்றாள். குழம்பை என் பக்கம் நகர்த்தினாள். அதை அவள் அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். நான் குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை.

இப்போதும் ஊருக்குப் போனால், "இன்னிக்காவது எங்க பேரு இருக்குதா?" என்று சிரிக்கிறார்கள். சித்தி சிரிப்பதில்லை. சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.