ஒன்றும் எழுதாத கட்டங்கள்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் உங்களில் ஒருவர் பொலிஸ் என்கிறார், மற்றவர் கொம்பியூட்டர் என்கிறார். இரண்டும் இல்லை. சிறையில் இருந்து வெளியே வந்தவர்கள் மறுபடியும் பிழையான வழிக்குப் போகாமல் இருக்க எங்கள் கவுன்சில் சில பயிற்சிகளை நடத்துகிறது. அவை உண்மையாகவே உதவுகின்றனவா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் எழுதுவதை வைத்து ஒரு பயிற்சி தொடரும், அல்லது நின்றுபோகும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. லண்டனுக்கு வந்து பல வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்றேன். பின்னேர வகுப்புக்குப் போய்க் கணினியில் அட்டவணை போடப் பழகினேன். கவுன்சிலில் படிவங்களைத் தட்டச்சு செய்யச் சேர்ந்து, மெல்ல மெல்ல இந்தக் கதிரைக்கு வந்தேன். வேலையை நன்றாகத்தான் செய்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஒரு தடவை பெரிய பிழை ஒன்று விட்டேன்.

செவன் கிங்ஸ் பக்கம் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் திருத்தும் பட்டறை இருக்கிறது. சிறையில் இருந்து வந்தவர்கள் அங்கே வேலை பழகுவார்கள். அதை நடத்துபவர் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை ஒருவர். அவரும் முன்பு பெற்றோல் ஷெட்டில் நின்றவர்தான். மாதம் முடிய அவர் வரவுத்தாளை அனுப்புவார். பெயருக்கு நேரே நாட்களுக்கான கட்டங்கள், அங்கங்கே, வாக்குச்சீட்டில் போடுவது போல, ஒரு புள்ளடி. புள்ளடி போட்ட நாள் வந்த நாள் என்று நான் பதிந்து கொண்டேன். வேறு எப்படி நினைப்பது?

ஒரு வருடத் தாள்களைச் சேர்த்து, மறுபடியும் நீதிமன்றம் போனவர்களின் பட்டியலோடு பொருத்திப் பார்த்தேன். பட்டறைக்கு ஆட்கள் வருவதே குறைவு என்று வந்தது. அதைவிட மோசம், அடிக்கடி வந்தவர்கள்தான் திரும்பவும் பிடிபட்டிருக்கிறார்கள் என்றும் வந்தது. எனக்கு ஆச்சரியம்தான். என்றாலும் வரைபடம் கோடு பிடித்தாற்போல் அழகாக இருந்தது. அந்த அழகில் நான் மயங்கிவிட்டேன்.

என் மேலதிகாரி மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண். அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"நிச்சயமாத்தானே சொல்றீங்க அண்ணே? திங்கட்கிழமை கவுன்சில் குழு கூடுது. இதைப் பார்த்தா பட்டறையை மூடிடுவாங்க."

"ஓம், நிச்சயம்தான்" என்றேன்.

அது வியாழக்கிழமை. மூடப்போகும் செய்தியை அண்ணை கடிதத்தில் அறியக்கூடாது, நேரே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று மத்தியானம் பட்டறைக்குப் போனேன்.

உள்ளே நிற்க இடமில்லை. எண்ணெய்க் கையோடு ஆட்கள், தலைகீழாகச் சைக்கிள்கள். வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருவர் சில்லைச் சுழற்றிக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணை தேத்தண்ணி ஊற்றினார். சுவரில் அந்த மாதத் தாள் தொங்கியது. அன்றைய நாளுக்கு நேரே ஒரேயொரு புள்ளடி.

"அண்ணை, இண்டைக்கு ஒராள்தானே வந்ததெண்டு போட்டிருக்கிறியள்?"

"உமக்கென்ன கண் தெரியாதோ? உதில நிக்கிறதெல்லாம் ஆர், பேயளோ?"

"அப்ப உந்தப் புள்ளடி?"

"அது வராத ஆள். பல்லுக்கொதியெண்டு ஃபோன் எடுத்தவர்."

"வந்தவைக்கு?"

"வந்தவைக்கு என்னத்துக்கு எழுதுவான்? வந்திட்டினம்தானே!"

பெற்றோல் ஷெட்டில் எங்கள் ஷிப்ட் புத்தகம் அப்படித்தான். பம்ப் பழுதென்றால் எழுதுவோம், ஆள் வராவிட்டால் எழுதுவோம். எல்லாம் சரியென்றால் வெறுமையாக விடுவோம். அத்தனை வருடம் அப்படி எழுதிய கை என்னுடையது. கவுன்சில் கதிரையில் இருந்ததும் மறந்துபோனேன். வந்தவர்களை வராதவர்கள் ஆக்கி, வராதவர்களின் குற்றத்தைப் பட்டறையின் தலையில் கட்டியிருந்தேன்.

அண்ணையிடம் முழுவதையும் சொன்னேன்.

"அப்ப திங்கள் பூட்டப்போறாங்களோ?"

"விடமாட்டன் அண்ணை. பழைய தாளெல்லாத்தையும் எடுங்கோ."

வந்ததையும் வராததையும் சும்மா மாற்றிப் போட்டால் அது இன்னொரு பிழை. விடுமுறைக்குப் பூட்டியிருந்த நாட்களும் வெறுமைதான். வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். "இது பனி கொட்டின நாள், பட்டறை திறக்கேல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, பட்டறைத் திறப்பை, அதாவது சாவியை, எடுத்த நாட்களைப் பதியும் புத்தகத்தோடு நான் ஒப்பிட்டேன். அன்று பின்னேரம் மேலதிகாரி முன்னால் நின்றேன். அலுவலகத்தில் பட்டம் இல்லாதவன் நான் ஒருவன்தான். ஆனால் மறைக்க எனக்கு ஏலாது.

"பிழை என்னுடையது. அண்ணை ஒழுங்காத்தான் எழுதியிருக்கிறார். நான்தான் கேக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாளை எல்லாம் பார்த்தீங்க, இடத்தைப் பார்க்கலையே அண்ணே! சரி, திங்கட்கிழமை நீங்களே வந்து சொல்லுங்க."

சொன்னேன். பழைய அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பிழை விட்டேன் என்று காட்டினேன். ஒழுங்காக வந்தவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றப் பக்கம் திரும்பிப் போகவில்லை. விலகிப் போனவர்களிடம்தான் சிக்கல். புதிய வரைபடம் முந்தியதைப் போல அழகில்லை, அங்கங்கே கோணல். ஆனால் அதற்காக நான் எங்கேயும் நின்று பேசுவேன். குழுவில் ஒருவர், "இந்த முறை இதை எப்படி நம்புவது?" என்று கேட்டார். "தாள்களை எழுதியவரோடு இருந்து ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தேன். நீங்களும் வந்து பார்க்கலாம்" என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, பூட்டேல்லை. தொடரச் சொல்லிட்டினம்."

மறுபக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றது.

"நல்லது. அப்ப இந்த மாசத் தாளை வழமை போல அனுப்பட்டோ?"

"வேண்டாம் அண்ணை. நான் நேர வாறன்."