மண்ணெண்ணெய் டின்னில் ஒரு கார்டினியா

கார்டினியாவுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது. துரை பங்களாவில் பூந்தோட்டம் பார்த்த என் வீட்டுக்காரருக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும், என் வளைகாப்புக்காக இரண்டு மாதம் முன்னாலேயே, நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கு வெள்ளையடித்துவிட்டு, சுண்ணாம்பு மட்டை கழுவிய தண்ணீரை அந்தச் செடிக்கே ஊற்றினார் மகராசன்!

இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பங்களாவில் கவாத்து வெட்டியபோது விழுந்த குச்சியை, மண்ணெண்ணெய் டின்னில் நட்டு அவரே வளர்த்த செடி. முதல் பூ என் தலைக்கு என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

“பங்களாச் செடிய மட்டும் கண்ணுல வச்சிப் பாப்பீங்க, நம்ம செடிக்குச் சுண்ணாம்பா?” என்று ஏசினேன்.

“அவசரத்துல ஊத்திட்டேன் புள்ள” என்று தலையைச் சொறிந்தார்.

பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, தேயிலைச் செடியடி மண்ணை அள்ளி வந்து போட்டார். தேயிலைச் சாயம் வடித்த சக்கையையும் போட்டார். இலை பச்சை கண்டது. கொத்துக் கொத்தாக மொட்டும் வைத்தது.

அப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதற்கு முன்னால் இரண்டு முறை என் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா வேறு, “வாயும் வயிறுமா இருக்கிறவ எதுக்கெடுத்தாலும் மொட்டு உதிர்ற செடிய வீட்டுல வச்சிக்கலாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல வாய்! வெளியே சிரித்தேன். ஆனால் தினமும் கண் விழித்ததும் டின்னைச் சுற்றித் தரையைத்தான் பார்ப்பேன். ஒரு மொட்டும் விழுந்து கிடக்காது. அதற்குப் பிறகுதான் மூச்சு வரும்.

வெளியே விட்டால் பனி கருக்கும், உள்ளே வைத்தால் அடுப்புச் சூட்டில் மொட்டு காயும். அதனால் அந்தியில் வீட்டுக்காரர் டின்னை உள்ளே தூக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி வைத்துக் கம்பளி போர்த்துவார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் வெயிலில் வைப்பார்.

“பிள்ளைத்தாச்சி நானா, அதா?” என்பேன்.

“ரெண்டு பேருந்தான்” என்பார்.

வளைகாப்பன்றும் பூ விரியவில்லை. மொட்டையாவது தலையில் வைக்கலாம் என்று யாரோ கையை நீட்டினார்கள். “பூக்காத மொட்டுல யாரும் கை வைக்காதீங்க!” என்று கத்திவிட்டேன். நீட்டிய கை சட்டென்று சந்தனக் கிண்ணத்துக்குப் போனது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். மறுநாள் காலை, டின்னைத் தோளில் வைத்தபடி அவர் மழையில் வந்து என் கட்டிலருகே நின்றார். செடியில் ஒரே ஒரு பூ, பால் வெள்ளையாய் விரிந்திருந்தது.

“பறிச்சா வாடிப்போயிரும். அதான் செடியோடயே கொண்டாந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில்தான் நடுங்குகிறேன் என்று நினைத்துத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். அதன் பையில் கையை விட்டேன். காய்ந்து கறுத்த மொட்டுகள், கை நிறைய.

“என்னங்க இது?”

“உதிர்ந்தத நீ எழும்புறதுக்கு முந்தி பொறுக்கிருவேன்.”

“பொறுக்கி ஏன் வச்சிருந்தீங்க? வீசியிருக்கலாமே.”

மகளின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டுச் சொன்னார்: “மனசு வரல புள்ள.”