இடைவேளைக்கு என்ன செய்வது?

எங்கள் திருமண நாளுக்கு மகள் இரண்டு ரிக்கற் வாங்கித் தந்திருக்கிறாள். புது ஒப்பரா மண்டபத்தில் பாலே நடனமாம்.

நானும் மனிசியும் சந்திப்பது எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள புருசெத் ரயில் ஸ்டேஷனில்தான். அவள் காலை வேலை முடிந்து இறங்குவாள், நான் மாலை வேலைக்கு ஏறுவேன். பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது என்று தொடங்கிய ஏற்பாடு. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகும் அதை மாற்ற எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்று இந்த ரிக்கற் விஷயத்தைக் கதைப்பதற்காகவே ஒரு ரயிலை விட்டேன்.

"சனிக்கிழமை லீவு எடுத்திட்டன். நீர் கூறைச் சீலை உடுத்துக்கொண்டு வாரும்."

"உந்தக் குளிருக்கையோ? ஆடுற பிள்ளையளை விட்டிட்டு எல்லாரும் என்னையெல்லோ பாப்பினம்!"

"பாக்கட்டுமே. அவையளைவிட உம்மிலை பாக்கிறதுக்குக் கனக்க இருக்குத்தானே."

கையால் ஒரு அடி போட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்துக் கனகாலம்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நடுவிலை இடைவேளை விடுவினமாம். அந்த நேரம் நாங்கள் என்னப்பா கதைக்கிறது?"

அடுத்த ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். "சோறு அடுப்பிலை இருக்கு, குப்பை எறிஞ்சாச்சு" என்பதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஒப்பரா மண்டபத்துக்குப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்த இடைவேளை எவ்வளவு நேரம்? பத்து நிமிடமென்றால் கழிப்பறை வரிசையில் நின்று சமாளித்துவிடுவேன்.