கட்டாமல் விட்ட வீடு

மேசையில் விரித்ததும் அந்த வரைபடத்தின் ஓரம் பொடியாக உதிர்ந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சிகாகோவில் எழுந்த ஒரு வங்கியின் முகப்பு அது. டேனிஷ் நகரமான வைலேயில் நான் படவரைஞராக வேலை செய்த கட்டடக்கலை அலுவலகத்தைத் தொடங்கிய பெரியவர், ஓய்வுபெற்ற பின்னும் தினமும் வருவார். அவருடைய தகப்பன் இளவயதில் அமெரிக்கா போய், ஒரு நண்பருடன் சேர்ந்து கட்டடக்கலை நிறுவனம் நடத்தியவர். அதன் வரலாற்றைப் பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார். மங்கிய படங்களைத் திரும்ப வரைவது என் வேலை.

தமிழ் அகதிகளான நாங்கள் குடும்பங்களைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களைக் கொப்பன்ஹேகனில் அதிகாரிகள் ஒதுக்கிவைத்திருந்த வருடங்கள் அவை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எப்போது விசாரித்தாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். அறைக்குப் போனால் கதைக்க ஆளில்லை. அதனால் வேலை முடிந்த பிறகும் இருந்து வரைவேன். வங்கிகள், நூலகங்கள், ஒரு ரயில் நிலையம். அந்த இரு நண்பர்களும் ஊர் ஊராகக் கட்டித் தள்ளியிருந்தார்கள்.

வரைபடங்களின் கடைசிக் கட்டில் ஒரு சின்ன வீடு வந்தது. பிள்ளையின் அறைக்கு மட்டும் பெரிய யன்னல்.

"இதை எங்கே கட்டினார்கள்?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டவில்லை. இங்கிருந்து அம்மாவையும் என்னையும் அங்கே கூப்பிட அப்பா வரைந்தது. ஒவ்வொரு வருடமும் வேறொரு பெரிய வேலை வந்துவிடும். கடைசியில் தொழில் படுத்து, நிறுவனத்தை மூடிவிட்டுத் திரும்பினார். அப்போது அம்மா உயிரோடு இல்லை. நான் அவருக்குக் கைகொடுத்து என் பெயரைச் சொன்னேன்."

அடுத்த வாரம் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என்னுடன் கொப்பன்ஹேகனுக்கு ரயிலேறினார். அங்கே குடிவரவு அலுவலகத்திலும் அதே பதில்தான்.

"இவருடைய மகள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாள்" என்றார் பெரியவர். அலுவலர் குனிந்துகொண்டார். திரும்பி வைலேயில் இறங்கும்போது பெரியவர், "வரலாற்றை அந்த வீட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும்" என்றார். அப்படியே எழுதியும் முடித்தார்.

அனுமதி கிடைத்தபோது அவர் இறந்துபோயிருந்தார். விமான நிலையத்துக்குத் தனியாகப் போனேன். சப்பாத்து அணிந்த, உயரமான ஒரு சிறுமி மனைவியின் பின்னால் நின்றாள்.

"கிட்டப் போ பிள்ளை, அப்பாவெல்லே" என்றாள் மனைவி.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாயிடம், "இந்த மாமாவின்ர வீட்டையோ நாங்கள் போறம்?" என்று கேட்டாள்.

இன்று ஓகூஸ் நகரில் வேலை செய்யும் அவளுக்கு அது நினைவில்லை. சொன்னால் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அன்று நான் பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "அங்கதான் போறம்."